எந்த ஆட்ஆன் சரி, எது பைரசி? ஒரு குழு அட்மினின் அனுபவம்

டொராண்டோ பக்கம் வீட்டுத் தியேட்டர் பைத்தியம் பிடித்த தமிழர்கள் சிலர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அதற்கு நான் அட்மின். கோடி மென்பொருள், ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி, ஆன்டெனா, சவுண்ட்பார் என்று பேச்சு ஓடும். (கோடி என்றால் டிவியில் படம், பாட்டு, சேனல் ஓட்டும் இலவச மென்பொருள்; 2014 வரை எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் இருந்ததே, அதுதான். அதற்குள் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்தான் ஆட்ஆன்.) குழு விவரத்தில் தொடக்கம் முதலே ஒரு வரி இருந்தது: ‘இங்கே பைரசி பற்றிப் பேசக் கூடாது.’ மீடியா பிளேயர் குழு எதை எடுத்தாலும் இப்படி ஒரு வரி இருக்கும். படித்தால் எல்லாம் தெளிவாக இருப்பது போலத்தான் தோன்றும். ஆனால் குழுவில் வந்த சண்டைகளில் முக்கால்வாசி அந்த ஒரு வரியை வைத்துத்தான் வந்தன.

ஒருவர் நெட்ஃபிளிக்ஸ் ஆட்ஆனில் படம் ஓடவில்லை என்று கேட்பார். ‘அது பைரசி, இங்கே கேட்காதீர்கள்’ என்று இன்னொருவர் பாய்வார். கேட்டவரோ மாதாமாதம் சந்தா கட்டுகிறவர். அவருக்குக் கோபம் வராமல் இருக்குமா? இரண்டு நாள் கழித்து, பாய்ந்த அதே மனிதர் நூற்றுக்கணக்கான சேனல்களின் இணைய முகவரிகள் அடங்கிய எம்3யு பட்டியல் ஒன்றைக் குழுவில் போடுவார். கேட்டால், ‘இது நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் எல்லோரும் பார்க்கத் திறந்து கிடக்கிறதே, இதில் என்ன பைரசி?’ என்பார். இரண்டு பேருமே உண்மையாகத்தான் பேசுகிறார்கள். ஆளுக்கொரு அளவுகோல், அதுதான் சிக்கல்.

இந்தக் குழப்பத்தை எனக்கு நன்றாகப் புரிய வைத்தது ஒரு பெட்டி. எங்கள் கட்டடத்திலேயே இருக்கும் யாழ்ப்பாணத்து அங்கிள் ஒருவருடையது. “தம்பி, பெட்டியில ஒண்டும் ஓடுதில்லை. வித்தவன் போனும் எடுக்கிறான் இல்லை. ஒருக்கா வந்து பாருங்கோ” என்றார். போய்ப் பார்த்தால் வழக்கமான ஆண்ட்ராய்டு பெட்டி. ‘ஒருமுறை காசு, ஆயுள் முழுக்கப் பார்க்கலாம்’ என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். திறந்தால் கோடியின் சாதாரண நீல முகப்பே இல்லை. முகப்பையும் ஆட்ஆன்களையும் முன்கூட்டியே அடுக்கி யாரோ தயாரித்த ‘பில்ட்’ ஒன்று, திரை முழுக்கப் படச் சுவரொட்டிகள், எதைத் தொட்டாலும் சக்கரம் சுற்றிவிட்டு ‘ஸ்ட்ரீம் கிடைக்கவில்லை’ என்று நின்றுவிடுகிறது.

என்ன கோளாறு என்று பார்க்க, கோடி தான் செய்வதையெல்லாம் குறித்து வைக்கும் லாக் கோப்பைத் திறந்தேன். கோடி தொடங்கும்போது நிறுவியிருக்கும் ஒவ்வொரு ஆட்ஆனின் பெயரையும் பதிப்பு எண்ணையும் அதில் வரிசையாக எழுதிவிடும். அங்கிளின் பெட்டியில் அந்த வரிசை போய்க்கொண்டே இருந்தது. எழுதியவர்களே எப்போதோ கைவிட்ட ஆட்ஆன்கள், பதில் சொல்லாத முகவரிகளில் இருக்கும் ரெப்போக்கள் (ஆட்ஆன்களை இறக்கித் தரும் கிடங்குகள்), இவற்றோடு டொரண்ட் வழியாக ஓடும் ஒன்று. இந்த லாக்கை எடுத்துக்கொண்டு கோடியின் அதிகாரபூர்வ உதவிப் பகுதிக்குப் போனால் என்ன நடக்கும் என்பது பழகியவர்களுக்குத் தெரியும். தடைசெய்யப்பட்ட ஆட்ஆன்கள், ரெப்போக்களின் பட்டியல் ஒன்றை அவர்கள் வெளிப்படையாகவே வைத்திருக்கிறார்கள். அதில் உள்ள ஒரு பெயர் லாக்கில் தெரிந்தால் போதும், ‘முதலில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுங்கள், பிறகு பேசலாம்’ என்பதுதான் பதில். நீங்கள் கேட்டது எச்டிஎம்ஐ ஒலி பற்றியதாக இருந்தாலும் பதில் மாறாது.

முதல் தடவை பார்க்கிறவருக்கு இது ஆணவமாகத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோடி தன்னார்வலர்கள் நடத்தும் திட்டம். தன்னுடன் எந்தப் படத்தையும் சேனலையும் கொடுப்பதில்லை, வெறும் பிளேயர். ஆனால் கடைக்காரர்கள் அதே பெயரைப் பெட்டியில் ஒட்டி ‘கோடி பெட்டி’ என்று விற்றார்கள். பெட்டி நின்றதும் வாங்கியவர்கள் கேள்வி கேட்க வந்தது இந்தத் தன்னார்வலர்களிடம்தான். 2016-இல் கோடி குழு, திருட்டுப் பெட்டி விற்பவர்களும் யூடியூபில் அவற்றுக்கு விளம்பரம் செய்பவர்களும் தங்கள் திட்டத்தையே கொல்கிறார்கள் என்று பகிரங்கமாகவே எழுதியது. இலவசமாக வேலை செய்கிறவர், கடைக்காரர் காசு வாங்கிக்கொண்டு விற்றதற்கு ஏன் சர்வீஸ் செய்ய வேண்டும்?

அங்கிளிடம் திரும்புவோம். அவர் மகன் சொல்லித்தான் தெரிந்தது, இணைய நிறுவனத்திலிருந்து ஒரு பதிப்புரிமை நோட்டீஸ் மின்னஞ்சலில் வந்திருக்கிறது. அங்கிளுக்கு அது புரியவே இல்லை. “நான் ஒண்டையும் இறக்கேல்லையே தம்பி, சும்மா பாத்ததுதானே?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் டொரண்ட் ஆட்ஆன் படம் ஓட்டும்போதே, அதுவரை வந்து சேர்ந்த துண்டுகளை மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டும் இருக்கும். திரையில் அது தெரியாது. வெளியே இருந்து கண்காணிப்பவர்களுக்கு அவருடைய இணைய இணைப்பின் எண்ணான ஐபி முகவரி தெரியும். கனடாவில் 2015 ஜனவரி முதல், உரிமையாளர் அனுப்பும் நோட்டீஸை இணைய நிறுவனம் வாடிக்கையாளருக்குக் கடத்தியே ஆக வேண்டும். 2018 கடைசியில் சட்டத்தைத் திருத்தி, அந்த நோட்டீஸுக்குள் ‘இவ்வளவு கட்டு’ என்று பணம் கேட்கக் கூடாது என்றார்கள். அதனால் நோட்டீஸ் வந்தால் பதறிப்போய் யாருக்கும் பணம் அனுப்ப வேண்டியதில்லை. அதற்காகக் குப்பையில் போட்டுவிட்டு அதே ஆட்ஆனை ஓட்டிக்கொண்டிருப்பதும் சரியில்லை. வணிக நோக்கமில்லாத மீறலுக்கே 100 முதல் 5,000 டாலர் வரை சட்டப்படி இழப்பீடு கேட்க முடியும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து யோசித்தபோது ஒன்று தெளிவானது. குழுவில் நாங்கள் ‘அனுமதி’ என்று சொல்வது மூன்று வேறு வேறு விஷயங்களை. கோடியின் அமைப்புகளில் ‘அறியாத மூலங்கள்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. 2017-இல் வந்த 17-ஆம் பதிப்பிலிருந்து அதை நாமே போட்டால்தான் வெளி ரெப்போக்களிலிருந்து நிறுவ முடியும். அது மென்பொருள் தரும் அனுமதி. இன்னொன்று, இந்த ஆட்ஆன் பற்றி இங்கே பேசலாமா என்று குழு தரும் அனுமதி. மூன்றாவது, நாம் இருக்கும் நாட்டின் சட்டம். ஒன்றில் தேறியது இன்னொன்றில் தேற வேண்டும் என்று கட்டாயமில்லை. இந்த மூன்றையும் போட்டுக் குழப்புவதால்தான் சண்டை வருகிறது.

நெட்ஃபிளிக்ஸ் ஆட்ஆனை எடுத்துக்கொள்ளுங்கள். அது கோடியின் அதிகாரபூர்வ ரெப்போவில் இல்லை. எழுதியவரின் சொந்த ரெப்போவிலிருந்துதான் வர வேண்டும். அதற்கு அந்த சுவிட்சைப் போட்டாக வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட செயலியும் அல்ல. ஆனால் அதற்குள் நுழையச் சந்தாக் கணக்கு வேண்டும். படம் வருவது நெட்ஃபிளிக்ஸின் சர்வரிலிருந்தே. பூட்டைத் திறப்பது வைட்வைன் என்ற அதே டிஆர்எம் (டிஜிட்டல் பூட்டு) முறைதான். யாருடைய காசும் இங்கே போகவில்லை. சுவிட்சை மட்டும் அளவுகோலாக வைத்தால் இது திருட்டுப் பெட்டியோடு ஒரே கூடைக்குள் போய்விடும்.

நேர்மாறாக, யூடியூப் ஆட்ஆன் அதிகாரபூர்வ ரெப்போவிலேயே இருக்கிறது. யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் யாரோ கள்ளத்தனமாக ஏற்றிய முழுப் படத்தை அதிலும் பார்க்கலாம். அப்போது தவறு ஏற்றியவருடையது. அதற்காக ஆட்ஆனைத் தடை செய்ய முடியாது. (இதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு உபகுறிப்பு: கூகுளிடமிருந்து சொந்தமாக ஏபிஐ சாவி (யூடியூபை அணுக ஆட்ஆன் காட்டும் அடையாளக் குறி) எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு சாவிக்கு ஒரு நாளைக்கு வழக்கமாக 10,000 அலகுகள். ஒரு தேடலுக்கே 100 அலகு போய்விடும். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சாவியைப் பகிர்ந்தால் காலையிலேயே தீர்ந்துவிடும். ‘யூடியூப் ஓடவில்லை, தடை செய்துவிட்டார்களா?’ என்று குழுவில் வரும் கேள்விகளில் பாதிக்கு இதுதான் பதில்.)

எம்3யு பட்டியல் இன்னும் வழுக்கலான விஷயம். அந்தக் கோப்புக்குள் இருப்பது வெறும் முகவரிகள். கோடியின் ஐபிடிவி சிம்பிள் கிளையண்ட் என்ற ஆட்ஆன் அதை வாசித்து ஓட்டும், அவ்வளவுதான். ஒரு வரி, ஒளிபரப்பாளர் தன் இணையதளத்தில் தானே இலவசமாக வைத்திருக்கும் ஸ்ட்ரீமாக இருக்கலாம். அடுத்த வரி, கட்டணச் சேனலை எவரோ தன் வீட்டிலிருந்து திருப்பி விடுவதாக இருக்கலாம். கோப்பு கிட்ஹப்பில் இருப்பதால் உள்ளே இருப்பதெல்லாம் சுத்தம் என்று ஆகிவிடாது. நான் செய்வது இதுதான்: சந்தேகம் வந்தால் அந்த வரியைத் திறந்து முகவரியைப் பார்ப்பேன். சேனலின் சொந்த டொமைனோ, அவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் சேவையோ இருந்தால் சரி. வெறும் ஐபி எண்ணும், பின்னால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஒட்டியிருந்தால், யாரோ ஒருவருடைய கணக்கைப் பலருக்கு விற்றிருக்கிறார்கள் என்று கிட்டத்தட்ட முடிவு கட்டிவிடலாம்.

சட்டத்தைக் கேட்டால் தெளிவாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கனடா வழக்கைச் சொல்வேன். 2016 ஜூனில் பெல், ரோஜர்ஸ், வீடியோட்ரான் ஆகிய நிறுவனங்களின் வழக்கில், ஆட்ஆன்களை நிரப்பி விற்ற பெட்டிகளுக்கு ஃபெடரல் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. ‘நாங்கள் விற்பது வெறும் கருவி, உள்ளே என்ன பார்க்கிறார்கள் என்பது அவரவர் பாடு’ என்ற வாதம் எடுபடவில்லை. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டிலும் அது நின்றது. இதுவரை சரி, பெட்டி விற்றவர் கதை தெளிவு. ஆனால் 2017 ஜூனில் மான்ட்ரியலில், ஆட்ஆன்களைத் திரட்டி வைத்திருந்த டிவிஆட்ஆன்ஸ் தளத்தை நடத்தியவர் மேல் அதே நிறுவனங்கள் வழக்குப் போட்டபோது, முதலில் தேடுதலுக்கும் தடைக்கும் உத்தரவு கிடைத்தது. சில வாரங்களில் இன்னொரு நீதிபதி அதை ரத்து செய்தார். ஆட்ஆன்களைத் திரட்டி வைத்திருப்பது தேடுபொறி போன்றதுதான் என்ற வாதத்துக்கு அவர் கொஞ்சம் இடம் கொடுத்தார். 2018 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் மாற்றிவிட்டது. நீதிபதிகளே இரண்டு பக்கமாக நின்ற விஷயத்தில் வாட்ஸ்அப் குழு ஒரு வரியில் தீர்ப்பு சொல்வது நடக்கிற காரியமா?

ஐரோப்பாவில் இதைவிட நேராகச் சொல்லிவிட்டார்கள். 2017 ஏப்ரல் 26 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், நெதர்லாந்தில் ‘ஃபில்ம்ஸ்பேலர்’ என்ற பெட்டியை விற்றவர் வழக்கில், திருட்டுத் தளங்களுக்கு இட்டுச் செல்லும் ஆட்ஆன்களை நிரப்பி விற்பதே பதிப்புரிமை மீறல் என்றது. தெரிந்தே அப்படிப்பட்ட இடத்திலிருந்து ஸ்ட்ரீம் பார்ப்பதற்கும், ‘தற்காலிக நகல்தானே’ என்ற விலக்கு பொருந்தாது என்றது. லண்டனிலும் பாரிஸிலும் சொந்தக்காரர்கள் இருக்கும் குழுவில், ‘அங்கே பரவாயில்லையாம், அதனால் இங்கேயும் பரவாயில்லை’ என்ற பேச்சு அடிக்கடி வரும். அது செல்லாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உண்மையைச் சொன்னால், அங்கிளை மாற்றியது சட்டம் அல்ல. ஆட்ஆன் என்பது பெரும்பாலும் பைத்தான் மொழியில் எழுதிய நிரல். கோடி அதைத் தனிக் கூண்டில் அடைப்பதில்லை; கோடிக்கு என்னென்ன உரிமை உண்டோ அவ்வளவும் ஆட்ஆனுக்கும் உண்டு. ரெப்போவை நடத்துகிறவர் எப்போது வேண்டுமானாலும் அப்டேட் அனுப்பலாம், அது தானாகவே நிறுவிக்கொள்ளும். 2017 பிப்ரவரியில் எக்ஸோடஸ் என்ற புகழ்பெற்ற ஆட்ஆனின் நிரலுக்குள், அதை எழுதியவரே தனக்குப் பிடிக்காத தளங்களைத் தாக்கும் வரிகளைச் சேர்த்துவிட்டார். பார்க்கிறவர்களின் பெட்டிகளெல்லாம் அவர்களுக்கே தெரியாமல் அந்தத் தாக்குதலில் பங்கெடுத்தன. 2018-இல் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம், சில ரெப்போக்கள் வழியாக விண்டோஸ், லினக்ஸ் கணினிகளில் மொனேரோ என்ற கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் பரவியதைக் கண்டுபிடித்துச் சொன்னது. இதைச் சொன்னதும் அங்கிள் கேட்ட முதல் கேள்வி, “அப்ப என்ர பேங்க் பாஸ்வேர்ட்?” அதே வைஃபையில்தான் அவருடைய லேப்டாப்பும் இருக்கிறது. பெட்டியை முழுதாக அழிக்க அவரே சம்மதித்தார்.

அழித்து முடித்த பிறகு கோடியை வெறுமையாகவே நிறுவினோம். ஜன்னலில் ஒரு ஆன்டெனா, அதில் வரும் சிக்னலைப் பிடித்து வீட்டுக்குள் நெட்வொர்க்கில் அனுப்ப ஒரு எச்டிஹோம்ரன் டியூனர். சிஎன் கோபுரத்திலிருந்து சிபிசி, சிடிவி, குளோபல், ஆம்னி எல்லாம் எச்டியில் காசில்லாமல் வருகின்றன. ஜன்னல் தெற்கே பார்த்திருந்தால் ஏரிக்கு அந்தப் பக்கம் பஃபலோ சேனல்களும் கிடைக்கும். இத்தனை ஆண்டு இங்கே இருந்தும் பலருக்கு இது தெரியாது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். தமிழ்ச் சேனல்களுக்கு மகன் சந்தா எடுத்துக் கொடுத்தார். அது கோடியில் ஓடாது, தனிச் செயலி. ரிமோட்டில் இரண்டு இடம் தாவ வேண்டியிருக்கிறது என்று அங்கிளுக்கு இன்னும் குறைதான். அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. சேனல் ஒரு செயலியில், கிரிக்கெட் வேறொன்றில், புதுப்படம் மூன்றாவதில் என்று சிதறிக் கிடப்பதால்தான், எல்லாம் ஒரே இடத்தில் என்று சொல்கிறவன் பெட்டி விற்க முடிகிறது.

இதற்குப் பிறகு குழு விதியைத் திருத்தி எழுதினோம். பெயர்ப் பட்டியல் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் மறுத்தேன். தடைப் பட்டியலையே மெனு கார்டு மாதிரி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடிப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெயர்கள் வேறு வாரத்துக்கு வாரம் மாறும். கோடி போன்ற பெரிய திட்டத்துக்கு ஆயிரக்கணக்கான லாக்குகளை வேகமாகத் தள்ளிவிடப் பட்டியல் தேவைப்படலாம்; எங்கள் அளவுக்குக் கேள்விகள் போதும். இப்போது விவரத்தில் இருப்பது இப்படி: ஸ்ட்ரீம் யாருடைய சர்வரிலிருந்து வருகிறது என்று உங்களால் சொல்ல முடிகிறதா? அந்தச் சர்வர்க்காரருக்கு அதை ஒளிபரப்ப உரிமை இருக்கிறதா? கட்டணச் சேவை என்றால் கணக்கு உங்களுடையதா? மூன்றுக்கும் ஆம் என்றால் தாராளமாகக் கேளுங்கள், வெளி ரெப்போவாக இருந்தாலும் உதவுவோம். ஒன்றுக்கு இல்லை என்றால் சட்டம் என்ன சொல்கிறது என்று நாங்கள் வாதாட மாட்டோம், உதவ மாட்டோம், அவ்வளவுதான். கடைசி வாக்கியத்தைச் சேர்த்த பிறகு சண்டை பெருமளவு குறைந்தது. ‘நீ திருடன்’ என்று சொல்வது வேறு, ‘இங்கே இதற்கு உதவி இல்லை’ என்பது வேறு. இரண்டாவதைக் கேட்டு யாரும் கோபித்துக்கொண்டு வெளியேறவில்லை.

இன்னும் இழுபறியாக இருப்பவை உண்டு. விபிஎன் (வேறு நாட்டிலிருந்து இணைவதுபோல் காட்டும் வழி) போட்டு வேறு நாட்டுச் சேவையைச் சொந்தச் சந்தாவில் பார்ப்பது எங்கள் மூன்று கேள்வியிலும் தேறிவிடும். சேவையின் நிபந்தனைகளில் தேறாது. அதை அவரவர் முடிவுக்கு விட்டுவிட்டு, விபிஎன் அமைப்பது பற்றி மட்டும் பேசுகிறோம். சொந்தமாக வாங்கிய டிவிடியை நகல் எடுப்பது இன்னொன்று. கேட்டால் எவருக்கும் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் கனடாவின் 2012 சட்டத் திருத்தம், சொந்த உபயோகத்துக்கு நகல் எடுக்க அனுமதித்த கையோடு, டிஜிட்டல் பூட்டை உடைத்து எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. கடையில் கிடைக்கும் பெரும்பாலான படத் தட்டுகளில் பூட்டு இருக்கிறது. ஆகவே நகல் எடுத்த பிறகு கோப்பை ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வரிலோ கோடியிலோ எப்படி அடுக்குவது என்பதற்கு உதவுகிறோம். பூட்டு உடைப்பது பற்றி வாயே திறப்பதில்லை. இது கொஞ்சம் போலித்தனம்தான் என்று குழுவிலேயே ஒருவர் சொன்னார். இருக்கலாம்.

உதவி கேட்கிறவர்களுக்கு நடைமுறையாகச் சொல்வதென்றால்: வெளியே எங்கும் லாக் அனுப்புவதற்கு முன் நீங்களே ஒருமுறை வாசியுங்கள். பழைய பெட்டி என்றால் ஆட்ஆன்களை நீக்கினாலும் எச்சங்கள் தங்கியிருக்கும். புதிதாக நிறுவுவதே வேகமான வழி. நிறுவியதும் முதலில் அதிகாரபூர்வ ரெப்போவை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். வெளி ஆட்ஆன் ஏதாவது வேண்டுமென்றால் சுவிட்சைப் போட்டு, அந்த ஒன்றை நிறுவி, சுவிட்சைத் திரும்ப அணைத்துவிடுங்கள். ஒரே ரெப்போவுக்குள் நல்லதும் கெட்டதும் கலந்து கிடந்தால் அந்த நல்லதும் வேண்டாம். ‘பில்ட்’ என்று யார் எதைக் கொடுத்தாலும் தொடாதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று கொடுத்தவருக்கே முழுதாகத் தெரியாது.

இப்போது குழுவில் ஓடிக்கொண்டிருப்பது இன்னொரு விவகாரம். எங்களில் பைத்தான் தெரிந்த தம்பி ஒருவர், ஒரு தமிழ் வானொலியின் இணையதளத்தில் இலவசமாக வரும் ஸ்ட்ரீமைக் கோடிக்குள் கொண்டுவர ஆட்ஆன் எழுதியிருக்கிறார். சர்வர் வானொலியுடையது, கணக்கு தேவையில்லை. மூன்று கேள்வியிலும் பாஸ். ஆனால் அவர்களுடைய பக்கத்தில் ஸ்ட்ரீமுக்கு மேலேயும் கீழேயும் விளம்பரங்கள் இருக்கின்றன. அதுதான் அவர்களுக்கு வருமானம். ஆட்ஆன் வழியாகக் கேட்டால் விளம்பரம் கண்ணில் படாது. தம்பி அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டிருக்கிறார். பதில் வரும் வரை அதன் ரெப்போ முகவரியைக் குழுவில் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் ஒத்துக்கொண்டார், கொஞ்சம் முணுமுணுத்தபடிதான்.